பூனைக்கும் பத்தியமா?



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், எங்கள் தெருக்கோடியில் தனித்து வாழும் மூதாட்டி ஒருவரைக் காணச் சென்றேன். கணவரை இழந்தவர், பிள்ளைகள் தொலைவில் இருக்கின்றனர். பதினோரு ஆண்டுகளாக அவருக்குத் துணை ஒரு கடுவன் பூனைதான். அன்று அவர் கண்கலங்கி அமர்ந்திருந்தார். எதிரே ஒரு தட்டில் வேகவைத்த பாகற்காயும், கீரையும், கேழ்வரகுக் களியும் இருந்தன. பூனையோ முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தது.

"இதற்கும் சர்க்கரை வியாதியாம், தம்பி. டாக்டர் ஊசி எழுதிக் கொடுத்தார். இருபது வருடமாக என்னைக் காப்பாற்றுவது இந்தப் பத்தியம்தானே, இதற்கு மட்டும் கேட்காதா என்று வைத்துப் பார்த்தேன். நேற்றுக் காலையிலிருந்து வாயே வைக்கவில்லை" என்றார்.

"ஊசி போட்டீர்களா, அம்மா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார்.

உடனே ஆட்டோ ஒன்றை அழைத்துப் பூனையை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். அவர் அன்று பொறுமையோடு விளக்கியவை, பூனை வளர்க்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறேன்.

பூனை இயல்பிலேயே ஊன் உண்ணும் உயிர். அதன் உமிழ்நீரில் மாவுப்பொருளைச் செரிக்கும் நொதி இல்லை. நாம் காரட்டிலிருந்து வைட்டமின் 'ஏ' பெறுகிறோம். பூனையின் உடல் அவ்வாறு மாற்றிக்கொள்ள வல்லதன்று. இதயத்துக்கும் கண்ணுக்கும் இன்றியமையாத டாரின் என்னும் சத்து அதற்கு இறைச்சியிலும் மீனிலுமே கிடைக்கிறது. இனிப்புச் சுவையைக்கூடப் பூனை அறியாது. அதை உணர்த்தும் மரபணு பூனை இனத்தில் செயலற்றிருப்பதை, அமெரிக்காவின் பிலடெல்பியாவிலுள்ள மோனெல் ஆய்வு மையத்தார் 2005ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இத்தகைய உயிருக்கு நாம் நாள்தோறும் பால்சோறு ஊட்டுகிறோம். வீட்டுக்குள்ளேயே உண்டு உறங்கி உடல் பருத்த பூனைக்கு, குறிப்பாகக் கருத்தடை செய்த கடுவனுக்கு, சர்க்கரை நோய் எளிதில் வருகிறது. மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர், நன்கு தின்றும் உடல் மெலிதல் ஆகியவை அதன் அறிகுறிகள். சில பூனைகள் பின்னங்கால்களைக் குதிகால்வரை தரையில் பதித்து நடக்கும். அம்மையாரின் பூனை அவ்வாறுதான் நடந்தது. முதுமையின் தளர்ச்சி என்று அவர் எண்ணியிருந்தார்.

இந்நோய்க்கு மருந்து இன்சுலின் ஊசி. பெரும்பாலும் பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை போட வேண்டும். உணவோ மாவுப்பொருள் குறைந்த, புரதம் மிகுந்த ஊனுணவு. தொடக்கத்திலேயே கவனித்தால், சில பூனைகள் நாளடைவில் ஊசியின்றியே வாழும் நிலையையும் அடைகின்றன. பாகற்காயோ வெந்தயமோ ஊசிக்கு ஈடாகா. பருத்த பூனையைப் பட்டினி போடுவதும் பேராபத்து: இரண்டு மூன்று நாள் உண்ணாதிருந்தாலே ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே உலை வைக்கும்.

"அப்படியானால் காய்கறியே கொடுக்கக் கூடாதா?" என்று அம்மையார் கேட்டார். "தின்பண்டமாக ஒரு துணுக்குக் கொடுக்கலாம், உணவாக வைக்கக் கூடாது" என்றார் மருத்துவர். உப்பும் எண்ணெயும் சேராமல் வேகவைத்த பீன்ஸ் இரண்டு துண்டு, தோல் நீக்கிய வெள்ளரித் துண்டு ஒன்று, மசித்த பரங்கிக்காய் ஒரு சிறு கரண்டி, இவற்றுள் ஏதேனும் ஒன்று போதும். தின்பண்டங்கள் யாவும் சேர்ந்து, நாளுணவின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, சோளம், பட்டாணி ஆகியவற்றில் மாவு மிகுதி, தவிர்த்துவிடுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை அழிக்கும் நஞ்சு. ஆகவே நம் பொரியலிலிருந்தும் சாம்பாரிலிருந்தும் எடுத்துக் கொடுக்கவே கூடாது. பூனை காயை விரும்பவில்லையெனில் வற்புறுத்தவும் வேண்டாம். உப்பின்றி வேகவைத்த கோழித் துணுக்கே அதற்கு ஏற்ற பரிசு.

மேலும் இரு எச்சரிக்கைகள். ஊசி போட்டுவரும் பூனையின் உணவை, மருத்துவரைக் கேளாமல் திடீரென மாற்றாதீர்கள். மாவுப்பொருள் குறையும்போது மருந்தின் அளவையும் குறைக்க நேரும். உண்ணாத வேளையில் வழக்கம்போல் ஊசி போட்டுவிடாமல், முதலில் மருத்துவரைக் கேளுங்கள். பூனை தள்ளாடினாலோ நடுங்கினாலோ, ஈறில் சிறிது தேனையோ சர்க்கரைக் கரைசலையோ தடவிக்கொண்டு மருத்துவரிடம் விரையுங்கள்.

அம்மையார் பூனைக்குக் களி வைத்தது அன்பினால்தான். தமக்கு நன்மை செய்ததையே அதற்கும் தந்தார். நாமும் பிள்ளைகளிடத்தும் முதியோரிடத்தும் இவ்வாறே செய்வதில்லையா? நமக்கு ஏற்றது அவர்களுக்கும் ஏற்கும் என எண்ணி ஊட்டுகிறோம். அவர்கள் முகம் திருப்பினால் மனம் நோகிறோம். அன்புக்குக் கண்ணும் வேண்டும்.

அண்மையில் மீண்டும் சென்றிருந்தேன். காலை ஆறு மணிக்குத் தாம் மாத்திரை விழுங்கும் வேளையிலேயே பூனைக்கும் உணவிட்டு ஊசி போட்டுவிடுகிறாராம். பூனையின் தாகம் தணிந்திருக்கிறது. நடையும் சற்றே நிமிர்ந்திருக்கிறது. அடுப்படியில் பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது. தாளிப்பதற்கு முன் இரண்டு துண்டுகளை எடுத்து ஆறவைத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினார். பூனை ஒன்றைத் தின்றது. மற்றதை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தது.

"போதுமாம்" என்று சிரித்துவிட்டு, அதைத் தாமே வாயில் போட்டுக்கொண்டார்.