புயல் எச்சரிக்கை வந்த பிறகு மாடிக்கு ஏறாதீங்க... செப்டம்பரிலேயே ஏறுங்க!

ஒவ்வொரு வருஷமும் இதேதான் நடக்கிறது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானதும் ஃபேமிலி குரூப்பில் சாட்டிலைட் படம் வந்துவிடும். மெழுகுவத்தி, பால் பாக்கெட், பிரெட் வாங்குவோம். பவர் பேங்கை சார்ஜ் போடுவோம். தலைக்கு மேலே இருக்கிற கூரையை மட்டும் அண்ணாந்து பார்க்க மாட்டோம்.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. தானே (2011 டிசம்பர் 30), வர்தா (2016 டிசம்பர் 12), கஜா (2018 நவம்பர் 16), ஃபெஞ்சல் (2024 நவம்பர் 30) எல்லாம் இந்த மூன்று மாதக் கணக்கில் வந்தவைதான். ஆக, கூரை வேலைக்குக் கெடு செப்டம்பர். எச்சரிக்கை வந்த அன்றைக்கு வெல்டரும் கிடைக்க மாட்டார், கொத்தனாரும் கிடைக்க மாட்டார்.

முதலில் ஒரு விஷயம் புரியணும். புயல் காற்று கூரையை அமுக்கி உடைப்பதில்லை. பெரும்பாலும் தூக்கி எடுக்கிறது. கூரைக்கு மேலே காற்று வேகமாகக் கடக்கும்போது அங்கே அழுத்தம் குறைந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் காற்று மேல்நோக்கித் தள்ளுகிறது. அந்த நேரத்தில் ஒரு ஜன்னலோ கதவோ உடைந்து காற்று உள்ளே புகுந்தால், வீடு பலூன் மாதிரி ஆகிவிடும். காற்றின் வேகம் 60 கி.மீ.யிலிருந்து 120 கி.மீ. ஆனால், விசை இரண்டு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்கு ஆகிறது. அதிலும் அதிகமாக அடி வாங்குவது கூரையின் ஓரங்களும் மூலைகளும்.

அதனால் ஷீட் கூரை வீடாக இருந்தால் ஓரத்திலிருந்து பார்க்க ஆரம்பியுங்கள். ஷீட்டை அடியில் இருக்கிற சட்டத்தோடு பிடித்து வைத்திருப்பது ஜே போல்ட்தான். அது துருப்பிடித்திருக்கிறதா, வாஷர் இருக்கிறதா, போல்ட்டைச் சுற்றி ஓட்டை பெரிதாகிவிட்டதா? போல்ட் நின்றுகொண்டிருக்க, ஷீட் மட்டும் கிழித்துக்கொண்டு பறப்பதும் உண்டு. ஓரத்து வரிசைகளில் மட்டுமாவது போல்ட்டை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். ஷீட்டைத் தாங்கும் சட்டம் சுவரோடு கட்டப்பட்டிருக்கிறதா, இல்லை சும்மா உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள். இதைத்தான் நிறைய பேர் கேட்பதில்லை. இன்னொன்று, பழைய ஆஸ்பெஸ்டாஸ் மேலே நேராகக் கால் வைக்காதீங்க. அது சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

கல்லைத் தூக்கி வைத்தால் போதாதா? கஜாவுக்கு முந்தின சாயங்காலம் எங்கள் அப்பத்தா வீட்டுத் தகரக் கொட்டகை மேலே சித்தப்பா நாலு ஹாலோ பிளாக் கல்லை ஏற்றி வைத்தார். விடிந்து பார்த்தால் தகரம் பக்கத்து வயலில் கிடந்தது. ஒரு கல் மாட்டுக் கொட்டகைக்குள் கிடந்தது. நல்லவேளை, மாட்டை ராத்திரியே அவிழ்த்துவிட்டிருந்தார்கள். அதே தெருவில் கீற்றுக் கூரை மேலே பழைய மீன் வலையைப் போர்த்தி, நாலு பக்கமும் முளையடித்துக் கட்டிய வீடு ஒன்று தப்பித்தது. பாரத்தைவிட கட்டுதான் முக்கியம்.

“நம்மளுது கான்கிரீட் வீடுப்பா” என்று நிம்மதியாக இருப்பவர்களுக்குப் பிரச்சினை தண்ணீர். ஒரு சதுர மீட்டரில் 1 செ.மீ. மழை என்றால் 10 லிட்டர். 1,000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. பெய்தால் 9,000 லிட்டருக்கும் மேல், அதாவது 9 டன்னுக்கும் அதிகம். அது இறங்க வேண்டிய குழாயின் வாயில் ஒரு பாலித்தீன் கவரும் கொஞ்சம் வேப்பிலைச் சருகும் இருந்தால் போதும், கதை முடிந்தது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், எங்கே தேங்குகிறது என்று தெரிந்துவிடும். விரிசலை வெயில் இருக்கும்போதே அடைக்கணும். ஈரத்தில் பூசினால் பெரும்பாலும் ஒட்டாது.

பிளாஸ்டிக் டேங்க் விஷயத்தில் லாஜிக் சிம்பிள். 1,000 லிட்டர் டேங்க் நிரம்பியிருந்தால் ஒரு டன். காலியாக இருந்தால் பந்து. புயலுக்கு முன் நிரப்பிவிடுங்கள். டிஷ் ஆன்டெனா, சோலார் பேனல் ஸ்டாண்டு இரண்டின் போல்ட்டையும் ஒரு தடவை முடுக்கிவிடுங்கள்.

என்னுடைய உண்மையான கோபம் வேறொரு இடத்தில். சென்னையில் எந்தத் தெருவிலும் நிமிர்ந்து பாருங்கள், மொட்டை மாடிக்கு மேலே ஒரு தகர ஷெட் இருக்கும். வெயிலுக்கு, துணி காயப்போட, சில சமயம் வாடகைக்கு. இந்தியக் கட்டட வடிவமைப்புத் தரநிலை சென்னைக்குக் காற்று வேகத்தை நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அந்த ஷெட்டுகளில் எத்தனை இந்தக் கணக்கைப் பார்த்துப் போட்டவை? ஷெட் வீட்டுக்காரருடையது, பறந்தால் விழுவது தெருவில் போகிறவர் தலையில். அதனால் இது “என் வீடு, என் இஷ்டம்” சமாச்சாரம் இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா 1992இல் ஆண்ட்ரூ சூறாவளியில் அடிவாங்கிய பிறகு கட்டட விதிகளை இறுக்கியது. 2002 முதல் மாநிலம் முழுக்க ஒரே விதி. இங்கே உள்ளாட்சி அமைப்புகள் கால்வாய் தூர்வாரும்போதே, மாடி ஷெட்டுகளையும் ஒரு ரவுண்டு பார்க்கலாமே?

வாடகைக்கு இருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். கூரை நம்முடையது இல்லை, கீழே நனைவது நம்ம லேப்டாப். ஹவுஸ் ஓனரிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீங்க. விரிசல், துருப்பிடித்த போல்ட், அடைத்த குழாய் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, தேதியோடு மெசேஜ் அனுப்புங்கள். வீட்டுக்காரர்களும் எடுத்து வைக்கலாம். 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ வீட்டுக் காப்பீட்டில் புயல், வெள்ளச் சேதமும் அடக்கம், க்ளைம் செய்யும்போது பழைய போட்டோ கைகொடுக்கும்.

ஆனால், போட்டோ எடுக்க மாடிக்குப் போகணும். எங்கள் அப்பார்ட்மென்ட்டில் மாடி சாவி ஓனரிடம் இருக்கிறது. மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.