பள்ளித் தலைமையும் பலகை வாசகங்களும்

தமிழ்ப்பள்ளி ஒன்றின் வாயிலைக் கடந்து உள்ளே செல்வோரை முதற்கண் வரவேற்பவை சுவரில் மாட்டப்பெற்ற பலகைகளே. ஒன்று பள்ளியின் தொலைநோக்கைக் கூறும். மற்றொன்று அதன் இலக்கைக் கூறும். அடுத்தது ஒழுக்கம், உழைப்பு, ஒற்றுமை எனும் பண்புகளை வண்ண எழுத்துகளில் வரிசைப்படுத்தும். திங்கட்கிழமைச் சபைகூடலில் மாணவர்கள் அவற்றை உரத்த குரலில் ஒப்புவிப்பதும் உண்டு. இவ்வளவும் செய்துவிட்டால் பள்ளிக்கு ஒரு பண்பாடு அமைந்துவிட்டதென்றும், ஆசிரியர் குழு ஒருமனப்பட்டுவிட்டதென்றும் நிறைவுகொள்ளும் தலைமையாசிரியர் பலர். அந்நிறைவு பொய்யானது. தமிழ்ப்பள்ளிகளின் இன்றைய நிலையில் அது கேடு பயப்பதும் ஆகும்.

ஒரு தலைவர் எவற்றை உயர்வாகக் கருதுகிறார் என்பதை அவர்தம் குழுவினர் வாசகங்களைப் படித்து அறிந்துகொள்வதில்லை. அவர் தம் நேரத்தை எதற்குச் செலவிடுகிறார், யாரைப் பாராட்டுகிறார், எதைக் கண்டும் காணாதவர்போல் விட்டுவிடுகிறார், எதன்பொருட்டுத் தம் வசதியை இழக்க முன்வருகிறார் என்னும் நான்கையும் கொண்டே அளந்தறிவர். ஆசிரியர் அறையில் இந்த அளவீடு நாள்தோறும் நடக்கிறது. நேரந்தவறாமை பற்றி அரைமணி நேரம் உரையாற்றும் தலைமையாசிரியர் அந்தக் கூட்டத்திற்கே கால்மணி நேரம் தாமதித்து வந்தாராயின், குழுவினர் மனத்தில் நிற்பது உரையன்று, தாமதமே. சொல்லும் செயலும் மாறுபடுமிடத்து மக்கள் செயலையே நம்புவர். சொல்லை வாயளவில் ஒப்புக்கொண்டு உள்ளுக்குள் நகைப்பர். அந்நகைப்பு குடிகொண்ட பள்ளியில் குழுவுணர்வு முளைப்பதில்லை.

இதற்குச் சான்று தேடித் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. யு.பி.எஸ்.ஆர். எனப்பட்ட ஆறாம் ஆண்டுத் தேர்வு 1988-இல் நடைமுறைக்கு வந்தது. மூன்று பதிற்றாண்டுகளுக்கு மேலாகத் தமிழ்ப்பள்ளிகளின் பெருமையும் சிறுமையும் அந்த ஒரு தேர்வினாலேயே நிறுக்கப்பட்டன. எல்லாப் பாடங்களிலும் 'ஏ' பெற்ற மாணவர்களின் படங்கள் நாளிதழ்களில் பக்கம் பக்கமாக வெளிவந்தன. அப்படங்களைக் கண்டு சமுதாயம் மகிழ்ந்தது, மகிழ்ந்ததில் தவறுமில்லை. தோட்டப்புறத்துப் பிள்ளைகளாலும் இயலும் என்னும் நம்பிக்கையை அவை ஊட்டின. ஆயினும் அப்படங்களுக்குப் பின்னால் நடந்தது என்ன? 'ஒவ்வொரு மாணவரும் நம் செல்வம்' என்று பலகை கூறிற்று. எல்லாப் பாடங்களிலும் 'ஏ' பெறக்கூடிய ஒரு சிலரே செல்வம் என்று மாலை நேரச் சிறப்பு வகுப்பு கூறிற்று. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறிய பிள்ளை பின்வரிசையில் அமர்ந்து முன்வரிசையின் வெற்றிக்குக் கைதட்டியது. தன் பள்ளி எதை மதிக்கிறது என்பதை அந்தப் பிள்ளை யாரும் சொல்லித் தராமலேயே நன்கு கற்றுக்கொண்டது. ஆசிரியர்களும் அவ்வாறே கற்றுக்கொண்டனர்.

2021-ஆம் ஆண்டில் அரசு அத்தேர்வை நீக்கியது. அன்று உண்மை வெளிப்பட்டது. தேர்வைத் தவிர வேறு நோக்கத்தைத் தம் குழுவுக்கு ஊட்டியிருந்த தலைமையாசிரியர்களின் பள்ளிகள் வழக்கம்போல் இயங்கின. தேர்வையே நோக்கமாகக் கொண்டிருந்த பள்ளிகளோ திகைத்து நின்றன. "இனி எதைக் காட்டி மாணவரைப் படிக்கச் சொல்வது?" என்னும் வினா ஆசிரியர்களின் வாயிலிருந்தே எழுந்தது. பல்லாண்டுகள் ஒன்றாக உழைத்த ஒரு குழு, தேர்வு ஒன்று இல்லாமற்போனவுடன் எதற்காக உழைப்பதென்று கேட்குமாயின், அக்குழுவுக்குப் பண்பு எதுவும் உணர்த்தப்படவில்லை என்பதே பொருள். எட்ட வேண்டிய எண்ணிக்கை மட்டுமே அதற்கு உணர்த்தப்பட்டிருந்தது.

ஒரு பள்ளியின் உண்மையான கொள்கை அறிக்கை அதன் கால அட்டவணையே ஆகும். பலகையைப் பாராமல் அட்டவணையைப் பார்த்தால் போதும்; தலைமையாசிரியரின் உள்ளம் தெரிந்துவிடும். அனுபவமும் திறமையும் மிக்க ஆசிரியர்கள் மேல்வகுப்புகளிலேயே நிலைத்திருக்க, பயிற்சி முடித்து முதன்முதலாகப் பள்ளிக்குள் அடியெடுத்து வைக்கும் இளம் ஆசிரியர் முதலாம் ஆண்டுக்கு அனுப்பப்படுவது நெடுங்கால வழக்கம். ஐந்து ஆண்டுகள் கழித்து அம்மாணவர்களில் சிலருக்குக் குறைநீக்கல் வகுப்பு நடத்த வேண்டியிருப்பது ஏன் என்று கூட்டம் கூட்டி ஆராய்வதும் வழக்கம். அடித்தளமே இன்றியமையாதது என்று மெய்யாக நம்பும் தலைவர், தம் பள்ளியின் தலைசிறந்த ஆசிரியரை முதலாம் ஆண்டு வகுப்பில் நிறுத்துவார். அந்த ஓர் ஆணை நூறு உரைகளுக்கு ஈடாகும். முதலாம் ஆண்டில் கற்பித்தல் தண்டனையன்று, பெருமை என்பதை ஆசிரியர் அறை முழுவதும் அன்றே உணர்ந்துகொள்ளும்.

மற்றொன்றும் கூறியாக வேண்டும். கசப்பாயினும் கூறியாக வேண்டும். 'தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு' என்னும் முழக்கம் அட்டைகளிலும் பதாகைகளிலும் அச்சேறி வருகின்றது. அதனை ஏந்தி வீடு வீடாகச் சென்று பெற்றோரை அழைக்கும் ஆசிரியர்களுள் சிலர், தலைமையாசிரியர்களுள்ளும் சிலர், தம் சொந்தப் பிள்ளைகளை வேறு பள்ளிகளில் சேர்த்துள்ளனர். பிள்ளையை எங்குப் படிக்க வைப்பது என்பது ஒவ்வொரு குடும்பத்தின் உரிமை. அவ்வுரிமையை யாரும் பறித்தற்கில்லை. ஆனால், தாம் சமைத்த சோற்றைத் தாம் உண்ணாத சமையற்காரரின் விருந்துக்கு ஊரார் எவ்வாறு வருவர்? தயங்கி நிற்கும் தாய் பதாகையைப் படிப்பதில்லை. அதைப் பிடித்திருப்பவரின் பிள்ளை எந்தச் சீருடையில் செல்கிறது என்பதையே பார்க்கிறார். அவர் பார்ப்பது சரியே.

தலைவர் ஒருவர் பண்பை எவ்வாறு மக்களுக்கு உணர்த்த வேண்டும் என்பதற்கு இந்நாட்டு வரலாற்றிலேயே நல்ல எடுத்துக்காட்டுகள் உள்ளன. நாடு 1957-இல் விடுதலை பெற்றதை ஒட்டிய ஆண்டுகளில் இரப்பர்த் தோட்டங்கள் பல விற்கப்பட்டுத் துண்டாடப்பட்டன. தலைமுறை தலைமுறையாக அங்கு உழைத்தவர்கள் வேலையையும் குடியிருந்த லயத்தையும் ஒருங்கே இழக்கும் நிலை வந்தது. அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தொழிலாளர்களிடையே சிக்கனத்தின் சிறப்பைப் பேசியதோடு நின்றுவிடவில்லை. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளரைச் சந்தித்தார். சிறுகச் சிறுகச் செலுத்தும் பணத்தால் தோட்டத்தையே வாங்கலாம் என்று விளக்கினார். மறு ஆண்டிலேயே கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று. நேற்றுவரை பிறர் நிலத்தில் பால் வெட்டியவர் அந்நிலத்தில் பங்குடையவரானார்.

சிக்கனம், கூட்டுறவு, தன்மானம் என்னும் மூன்று சொற்களையும் அவர் ஒரு பலகையில் எழுதி ஒவ்வொரு தோட்டத்து வாயிலிலும் நட்டிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? பலகையின் நிழலில் ஆடுகள் படுத்திருக்கும். அவர் அச்சொற்களுக்கு உருவம் கொடுத்தார். தொழிலாளி தன் கையால் கொடுத்த பணம், தன் கண்ணால் காணக்கூடிய நிலமாக மாறியது. அதனால் அவர் சொன்னதை மக்கள் நம்பினர். அவர்கள் ஒரே தோட்டத்தவரல்லர், ஒருவரையொருவர் அறிந்தவருமல்லர். ஆயினும் ஒரு குழுவாயினர்.

தமிழ் முரசு இதழை 1935-இல் தொடங்கிய கோ. சாரங்கபாணியின் தொண்டும் இத்தகையதே. தமிழுணர்வு வேண்டும் என்று தலையங்கம் எழுதுதல் எந்தப் பத்திரிகையாசிரியருக்கும் எளிது. அவர் தம் இதழில் மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியை ஏற்படுத்தி, பள்ளிப் பிள்ளைகளின் கன்னி எழுத்துக்கு அச்சேறும் வாய்ப்பளித்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைந்த காலத்தில், அங்குத் தமிழுக்கு உரிய இடம் கிடைக்கப் போராடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டி எளிய மக்களையும் அப்பணியில் பங்குகொள்ளச் செய்தார். பல்கலைக்கழக வாயிலை மிதித்தறியாத தொழிலாளியும் அந்தத் துறையைத் தன்னுடையதாக எண்ணினார். ஒரு செயலில் பங்கு கொடுக்காமல் அச்செயலில் பற்று மட்டும் எதிர்பார்த்தல் வீண் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

பள்ளித் தலைமைக்கு இவ்விருவரிடமும் பாடம் உண்டு. குழுவினரிடம் பங்கை ஒப்படைக்காத தலைமையாசிரியர் பற்றை எதிர்பார்த்தற்கு உரிமையற்றவர். பல பள்ளிகளில் ஆசிரியர் கூட்டம் என்பது ஒருவர் சுற்றறிக்கையைப் படிக்க, மற்றையோர் குறிப்பெடுக்கும் சடங்காகவே நடைபெறுகின்றது. பயிற்சிக் கழகத்திலிருந்து புதிய முறைகளைக் கற்றுவரும் இளம் ஆசிரியர் ஒரு கருத்தைச் சொல்ல வாயெடுத்தால், "இங்கெல்லாம் இப்படித்தான்" என்னும் விடை அவரை அமர்த்திவிடும். அவர் மறுமுறை எழுவதில்லை. ஓராண்டுக்குள் அவரும் குறிப்பெடுப்பவராகிவிடுவார். பின்னர், ஆசிரியர்களிடம் முனைப்பில்லை என்று அதே தலைமையாசிரியரே வருந்துவார். ஒரு குறையை அனைவர் முன்னிலையில் கடிந்து, ஒரு நிறையைத் தனியறையில் மெல்லச் சொல்லும் தலைமையும் இத்தகையதே. அது தலைகீழாக வேண்டும். கடிதல் தனிமையிலும் பாராட்டு அவையிலும் நிகழ்தல் வேண்டும். விதியை அறிவிக்கும்போது அதன் காரணத்தையும் அறிவித்தல் வேண்டும். காரணம் அறிந்தவர் தலைவர் இல்லாத நாளிலும் விதியைக் காப்பர். காரணம் அறியாதவர் அவர் கண் மறைந்தவுடன் கைவிடுவர்.

இவற்றை மறுப்போர் கூறும் காரணங்கள் இரண்டு. முதலாவது, நேரமில்லை என்பது. அறிக்கைகளும் புள்ளிவிவரப் பதிவுகளும் தலைமையாசிரியர்களின் நேரத்தை விழுங்குகின்றன என்பது மெய்யே. ஆயினும் பண்பை உணர்த்துதற்குத் தனி நேரம் வேண்டியதில்லை. காலையில் வாயிலில் நின்று பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கும் கால்மணியும், ஓர் ஆசிரியரின் வகுப்பில் குறைகாணும் நோக்கமின்றி அமர்ந்திருக்கும் ஒரு பாடவேளையும் அறிக்கைகளுக்கிடையே கிடைக்கக்கூடியவையே. இரண்டாவது காரணம், ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தலைமையாசிரியருக்கு இல்லை. அரசு அனுப்புவோரைக் கொண்டே நடத்த வேண்டியுள்ளது என்பது. இது காரணமாகாது, இதுவே தலைமைக்கு வைக்கப்படும் சோதனை. தாமே பொறுக்கியெடுத்த நண்பர்களைக் கொண்டு ஒரு குழுவை நடத்துதல் யாருக்கும் இயலும். வந்து சேர்ந்தவர்களைக் கொண்டு ஒரு நோக்கத்தை உருவாக்குவோரே தலைவர் எனப்படுவர். 1979-இல் நிறுவப்பட்ட அமினுடின் பாக்கி கழகம் பள்ளித் தலைவர்களுக்குப் பயிற்சியளித்துச் சான்றிதழும் வழங்குகின்றது. அச்சான்றிதழ் பதவிக்கு வழிகாட்டும். பதவியில் அமர்ந்தபின் நாள்தோறும் காட்ட வேண்டிய நேர்மையை அது கொடுத்தற்கில்லை.

இது தலைமையாசிரியர்களின் நற்பெயர் பற்றிய சிறிய செய்தியன்று. நாடு விடுதலையடைந்தபோது எண்ணூற்றுக்கு மேற்பட்டிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530 மட்டுமே. 2000-ஆம் ஆண்டுகளின் இறுதியில் ஓர் இலட்சத்தைத் தாண்டியிருந்த மாணவர் தொகை, அடுத்த பத்தாண்டுகளில் ஏறக்குறைய 80,000-ஆகச் சுருங்கியது. தோட்டங்கள் அழிந்ததும், குடும்பங்கள் நகர்ப்புறம் பெயர்ந்ததும், பிறப்பு விகிதம் குறைந்ததும் இதற்குக் காரணங்கள். அவை எந்தத் தலைமையாசிரியரின் கையிலும் இல்லை. ஆனால், பள்ளியின் வேலிக்கு அருகிலேயே வாழும் பெற்றோர் அதனைத் தேர்ந்துகொள்வதும் தவிர்ப்பதும் பெரும்பாலும் அதன் உள்ளே நிலவும் பண்பாட்டைப் பொறுத்தன. அப்பண்பாடு தலைமையாசிரியரின் கையில் உள்ளது.

ஆகவே, புதிய பலகைகளுக்குப் பணம் ஒதுக்குமுன் பள்ளித் தலைவர்கள் தங்கள் கால அட்டவணையை ஒருமுறை எடுத்துப் பார்ப்பார்களாக. முதலாம் ஆண்டு வகுப்பில் யார் நிற்கிறார், பின்வரிசைப் பிள்ளைக்கு வாரத்தில் எத்தனை பாடவேளை கிடைக்கிறது, கடைசியாக ஓர் இளம் ஆசிரியரின் கருத்து எப்போது ஏற்கப்பட்டது என்று கணக்கிடுவார்களாக. ஆசிரியராக வரவிருக்கும் மாணவர்களும் இதனை மனங்கொள்ளல் வேண்டும். அவர்களும் ஒருநாள் தலைமையாசிரியர் அறையில் அமர்வர். அன்று அவர்களைக் கவனித்துக்கொண்டிருப்போர் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார்கள்.