பற்றரியும் பங்குக் கிணறும்

1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. ஒரு வானொலியைச் சுற்றி நாலைந்து வீட்டார் கூடினோம். செய்தி நேரத்துக்கு மட்டும் அதைத் திறந்தோம்; முடிந்தவுடன் நிறுத்தினோம். பற்றரி கிடைக்காதபோது சைக்கிளை மிதித்து டைனமோவின் உதவியால் கேட்டோம். அன்று கற்ற சிக்கனம் இன்று வேறொரு தேவைக்கு உதவும் என்பது எமது கருத்து.

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையில் தேங்கும் மழைநீரே எமது கிணறுகளுக்கு ஆதாரம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலேறும். இதை முன்கூட்டியே அறிவதற்கு, நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் அளந்து கம்பியின்றி அறிவிக்கும் சிறு உணர்கருவிகளைக் கிணறுகளில் பொருத்தலாம். ஆனால் அவை பற்றரியில் இயங்குபவை. பற்றரி தீர்ந்தால் கருவி ஊமையாகிவிடும்.

பொதுவாக, அளப்பதற்குச் செலவாகும் சக்தி சொற்பம். செய்தியை அனுப்புவதற்கே பெருஞ்செலவு. திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் அனுப்பத் தேவைப்படும் சக்தி நான்கு மடங்காகும். ஆகவே ஒவ்வொரு கருவியும் தூரத்து நிலையத்தோடு தனித்தனியே பேசுவது வீண். அயற்கிணற்றுக் கருவிகள் தம் செய்தியை ஒன்றிடம் கொடுக்க, அது யாவற்றையும் சுருக்கி அனுப்பலாம். ஆனால் அந்த ஒன்றே எப்போதும் சுமந்தால் அதன் பற்றரி முதலில் தீரும். எனவே அப்பொறுப்பு முறைவைத்து மாறவேண்டும். ஏனையவை தம் வேளை வரும்வரை உறங்கவேண்டும். 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவக ஆய்வாளர்கள் வெளியிட்ட 'லீச்' என்னும் ஒழுங்குமுறை இதையே செய்கிறது.

எமது விவசாயிகளுக்கு இது புதிதல்ல. பங்குக் கிணற்றில் முறைவைத்து இறைத்தவர்கள் நாம். ஒருவர் முறை மீறினால் மற்றவரின் பயிர் வாடும் என்பதை அறிவோம். கருவிகளை ஒத்துழைக்கச் செய்வது எளிது. கிணற்றுச் சொந்தக்காரரை ஒத்துழைக்கச் செய்வதே கடினம். 'என் பற்றரியில் அயலவனின் செய்தி ஏன் போகவேண்டும்?' என்ற கேள்வி எழவே செய்யும். நிலத்தடி நீர் வேலி பார்த்து ஓடுவதில்லை என்பதே அதற்கு விடை. அயற்கிணறு உவராகும்போது வரும் எச்சரிக்கை எமக்கும் உரியது.

ஆகவே இத்தகைய கருவிகளைப் பொருத்தும்போது பற்றரிச் செலவைத் தனியாள் தலையில் போடாது, கமக்காரர் அமைப்புகள் பொதுவில் ஏற்கவேண்டும். தீர்ந்த பற்றரிகளைத் திரும்பச் சேகரிக்கவும் வேண்டும். தண்ணீரைக் காக்க வந்த பொருள் தண்ணீரைக் கெடுக்கலாகாது. கருவி வாங்குவதற்கு முன் கிராமம் கூடிப் பேசட்டும். அந்த உடன்பாடு இல்லாவிடில் எந்தப் பற்றரியும் நீடிக்காது.