ஷூ கடிக்கிறதா... கட்டியா?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் பிள்ளைகளின் கால்களைக் கவனித்திருக்கிறீர்களா? கனமான சேஃப்டி ஷூ. எட்டு மணி நேரம் நின்றபடியே வேலை. "ஷூ கடிக்குதும்மா" என்றால் தேங்காய் எண்ணெய் தடவி விடுகிறோம். அப்படியே பாதத்தைக் கொஞ்சம் தொட்டும் பாருங்களேன்.

புறங்காலிலோ கணுக்காலிலோ, மெத்தென்று, விரலுக்கு நழுவுகிற மாதிரி, வலியில்லாத உருண்டை தட்டுப்பட்டால் அது 'லைபோமா' என்கிற கொழுப்புக் கட்டியாக இருக்கலாம். புற்றுநோய் அல்ல. ஒட்டிக்கொள்ளவும் செய்யாது. எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தினால் கரையும், பத்துப் போட்டால் வற்றும் என்பதெல்லாம் சும்மா பேச்சு!

முதுகிலோ தோளிலோ இருந்தால் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். பாதத்தில் வருவது அபூர்வம். வந்தால் தொல்லை அதிகம். அங்கே இடம் ஏது? நெல்லிக்காய் அளவே ஷூவுக்குள் உயிரை வாங்கும். கணுக்காலின் உள்பக்கம், எலும்புக்குப் பின்னால், உள்ளங்காலுக்குப் போகும் நரம்பு ஒரு குறுகிய சந்து வழியாகச் செல்கிறது. கட்டி அதை நெருக்கினால் உள்ளங்கால் எரியும், மரத்துப் போகும்.

இன்னொரு விஷயம், பயமுறுத்தச் சொல்லவில்லை. 'சைனோவியல் சர்கோமா' என்றொரு புற்றுநோய், இளவயதுக்காரர்களுக்கு மூட்டு ஓரங்களில் வரும். அபூர்வம்தான், ஆனால் வருஷக்கணக்கில் மெதுவாக வளர்ந்து சாதுக் கட்டி போலவே வேஷம் போடும். கட்டி கெட்டியாக இருந்தாலோ, வளர்ந்தாலோ, வலித்தாலோ, நகராமல் ஆழத்தில் இருந்தாலோ 'சின்னதுதானே' என்று இருக்கக் கூடாது. அல்ட்ராசவுண்ட், சந்தேகமென்றால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். வெட்டியெடுத்த கட்டியைக் கட்டாயம் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

பிள்ளைகள் ஏன் மறைக்கிறார்கள்? லீவு போட்டால் சம்பளம் போகும். கான்ட்ராக்ட்காரர் அடுத்த மாதம் கூப்பிடாமல் விட்டுவிடுவாரோ என்கிற பயம். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால், டாக்டர் சான்றின் பேரில், நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். இது பல வீடுகளில் தெரிவதே இல்லை. சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள், பிடித்தம் இருக்கிறதா என்று.

கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. நின்று வேலை செய்கிறவர்கள் இடையில் உட்கார வசதி வேண்டும் என்று 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-வது பிரிவே சொன்னது. ஒரு ஸ்டூலும், அகலப் பாதத்துக்கு ஒரு சைஸ் மாற்றி ஷூவும் தருவது பெரிய செலவா என்ன?

டாக்டரிடம் போகும்போது பிள்ளையின் ஷூவையும் மறக்காமல் பையில் எடுத்துப் போங்கள். எந்த இடம் அழுத்துகிறது என்று அவரே பார்த்துக்கொள்வார்.