கூட்டத்தில் தொழில்நுட்பவியலாளருக்கும் ஓர் இடம்

ஊர் கூடித் தேர் இழுத்தல் வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த நெறி. வடம் பிடிப்போர் எத்துணை பேர் திரண்டாலும், அச்சின் நிலை அறிந்த தச்சன் அருகில் இல்லையெனில் தேர் நிலைக்கு வந்து சேராது. புலம்பெயர்ந்த மண்ணில் நாம் கூட்டும் கூட்டங்களில் அத்தச்சன் எங்கே நிற்கின்றான்? ஒலிவாங்கி பழுதுற்றால் மாத்திரமே அவனை அழைக்கின்றோம்.

பலெர்மோவில் நம்மிடையே கணனி கற்றோர் உளர். மின்னியல் அறிந்தோர் உளர். இந்நாட்டுத் தொழில்நுட்பப் பாடசாலைகளில் பயிலும் நம் பிள்ளைகளும் உளர். அவர்கள் கூட்டங்களுக்கு வராமைக்கு ஆர்வமின்மை காரணமன்று. நிகழ்ச்சி நிரலும் பேசுவோர் வரிசையும் முன்னரே முடிவான இடத்தில் தமக்கு வேலையில்லை என்று அவர்கள் எண்ணுகின்றனர்.

இக்குறையை உணர்ந்தவர்களுள் ஒருவர் அமெரிக்கரான ஹரிசன் ஓவன். தாம் பெருமுயற்சியுடன் நடத்திய மாநாட்டில் தேநீர் இடைவேளைகளே பெரிதும் பயன்பட்டன எனக் கண்ட அவர், 1985 இல் 'திறந்த வெளி' என்னும் முறையைத் தொடக்கினார். வந்தவர்கள் வட்டமாய் அமர்வர். பேச விரும்பும் பொருளை அவரவரே எழுதிச் சுவரில் ஒட்டுவர். விரும்பிய குழுவில் சேர்வர். தம்மால் பயனில்லையெனில் எழுந்து வேறு குழுவுக்குச் செல்வர். 2006 இல் சென்னையில் நடைபெற்ற 'பார்கேம்ப்' என்னும் கணனியாளர் கூடலும் இவ்வகையினதே.

தமிழுக்கு இது புதிதன்று. சுவிற்சர்லாந்தில் இரசாயனவியல் ஆய்வாளராய் விளங்கிய கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலரின் கைகளாலேயே தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக்கியது. 2003 இல் உருவான தமிழ் விக்கிப்பீடியாவின் தொடக்ககாலச் சுமையைத் தோளேற்றவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன், அவர் தொழிலால் கட்டடக்கலைஞர். 2005 இல் எழுந்த நூலகம் திட்டமும் ஈழத்து ஏடுகளை அவ்வாறே காத்து வருகின்றது. இவர்களை எவரும் மேடையேற்றி அழைக்கவில்லை, இடமிருந்தது, வந்தனர்.

கட்டுப்பாடு குலையும் எனச் சிலர் அஞ்சலாம். அவ்வச்சத்தில் நியாயமுண்டு. கணக்கு, பிள்ளைகளின் பாதுகாப்பு போன்றவை நிருவாகக் குழுவின் பொறுப்பிலேயே இருத்தல் வேண்டும். முடிவுகளை எழுதிவைக்க ஒருவரும், நிறைவேற்றப் பெயர் கொடுப்போரும் இன்றியமையாதவர். தொழில்நுட்பம் அறிந்தோரும் தம் கலைச்சொற்களுள் ஒளியாது, பாட்டிமாருக்கும் விளங்கும் தமிழிற் பேசுதல் கடன்.

தவணைக்கொரு ஞாயிறு இவ்வாறு கூடுவோமாக. பேசுபொருளுக்குப் பஞ்சமில்லை. இத்தாலிய எழுத்திலே தமிழைத் தட்டும் நம் பிள்ளைகளுக்கு எந்த விசைப்பலகையைக் கற்பிப்பது? 1999 இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 ஐயா, ஒலிப்புமுறையையா? பழைய விழா மலர்களை மின்வடிவில் எவ்வாறு காப்பது? இவற்றுக்கு ஆசிரியர் மட்டும் விடை கூறவியலாது. கணனியாளர் மட்டும் கூறவும் இயலாது.

வியா மக்வேதாவில் நாம் நாளும் கடக்கும் நாற்சந்தியில் நான்கு முகப்புகளும் ஒத்த அமைப்பினவாய் எதிரெதிரே நிற்கின்றன. பெற்றோர், ஆசிரியர், மாணவர், தொழில்நுட்பம் வல்லார் ஆகிய நால்வரும் அவ்வாறு ஒப்ப நின்று உரையாடும் நாளிலேதான் நம் பள்ளி அடுத்த தலைமுறைக்கும் உரியதாகும்.