ஓவசியர் ஐயாவின் மழைக் கொப்பி



சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கப் போய் நான் பட்ட பாட்டின் மிச்சத்தை இம்முறை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த இதழில் வரும். இந்த மாசியோடு ஓவசியர் ஐயாவுக்கு ஆட்டைத் திவசம். அவரை விட்டுவிட்டு வேறொன்றை எழுத மனம் வரவில்லை.

பெயரைப் போடவேண்டாம் என்று அவருடைய மனைவி கேட்டுக்கொண்டார். ஐயா இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். விட்பியில் நாங்கள் வேலை செய்த பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் எல்லா இனத்தவருக்கும் அவர் "ஐயா"தான். எங்களுடைய சுப்பவைசர் ஜமேக்கா நாட்டவர். அதுதான் ஆளின் பெயர் என்று அவர் கனகாலம் நினைத்திருந்தார்.

ஊரிலே நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஓவசியராக இருந்தவர். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு கனடாவுக்கு வந்து, குளத்தையும் அணையையும் பார்த்த கண்ணால் மெஷினிலிருந்து விழுகிற பிளாஸ்ரிக் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். விளிம்பு சீவிப் பெட்டியில் அடுக்குகிற வேலை. எனக்கு அடுத்த மெஷின். அது ஒரு குறை என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் மழை வரப்போகிறது என்றால் அன்றைக்கு ஆள் வேறு ஆள்.

சாப்பாட்டு அறை பிரிட்ஜ் கதவிலே தமிழில் ஒரு கடதாசி ஒட்டியிருக்கும். ஐயாவின் கையெழுத்து. முதல்நாள் நான் வாசித்தது இப்போதும் பாடம். "நாளை பின்னேரம் மழை. 50 மி.மீ. எதிர்பார்க்கிறார்கள். 1000 சதுர அடிக் கூரை என்றால் அந்தக் கூரையில் மட்டும் ஏறக்குறைய 4,600 லீற்றர். அதாவது 23 தார்ப் பீப்பா. பீலித் தண்ணீர் சுவரடியில் விழாமல் பார்க்கவும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இங்கே வந்து மில்லிமீற்றரைத் தார்ப் பீப்பாவாக மாற்றுகிற ஒரு கிழவரோடு வேலை செய்யவேண்டி வந்ததே என்று நினைத்தேன்.

ஒருநாள், "நீர் எந்த ஊர் தம்பி?" என்று கேட்டார். வடமராட்சி கிழக்கு என்றேன். "முள்ளியான் வாய்க்கால் தெரியுமோ?" என்றார். தெரியாமலா? சின்னவயதில் அதற்குள் இறங்கி விளையாடியிருக்கிறோம். ஆரோ சண்டைக்கு வெட்டின கிடங்கு என்றுதான் எங்களுடைய பொடியள் எல்லாரும் நினைத்திருந்தோம். அதைச் சொன்னதும் ஐயா கையிலிருந்த சான்விச்சைக் கீழே வைத்துவிட்டார்.

அன்றைக்கு அவர் சொன்ன கதையைப் புதிதாக வந்த பிள்ளைகளும் அறியவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குக் கீழே உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிற மழைத்தண்ணீரைத்தான் கிணற்றால் அள்ளிக் குடித்தோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயுள்ள உப்பு மேலே வரும். வன்னியிலோ கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தை நிரப்பியபிறகு மாரியில் மிஞ்சுகிற தண்ணீர் ஆனையிறவுக் கடனீரேரிக்கு வந்து, சுண்டிக்குளத்தால் கடலுக்குப் போகிறது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1954இல் ஒரு திட்டம் போட்டார். சுண்டிக்குளத்தில் மறித்துக் கடனீரேரியை நன்னீராக்குவது. முள்ளியானில் வாய்க்கால் வெட்டி அந்தத் தண்ணீரை வடமராட்சிக் கடனீரேரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக்கும் விடுவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவு வைத்த அணைகளால் உப்புத் தண்ணீரை வெளியே நிறுத்துவது. கடனீரேரி இனித்தால் கிணறுகளும் இனிக்கும். "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" என்று அதற்குப் பெயர். அணைகள் வந்தன. வாய்க்கால் பாதியில் நின்றது. காசு ஒதுக்கவில்லை, பிறகு போர். ஆறுமுகம் 2000ஆம் ஆண்டில் காலமானார். நாங்கள் ஒளித்துப்பிடித்து விளையாடிய பள்ளம் அந்த ஆற்றின் ஒரு துண்டு.

ஐயா வேலைக்குச் சேர்ந்த புதிதில் தொண்டைமானாற்று அணையின் பலகைக் கதவுகளைப் பார்த்துத் திரிந்தவர். பலகை இற்று உப்பு உள்ளே ஒழுகும். அதைச் சொல்லும்போது இன்னும் அந்த ஒழுக்கை அடைக்கவேண்டிய பொறுப்பு தனக்கிருப்பது போலத்தான் முகம் இருக்கும். 2024 ஆவணியில் எங்களுடைய தாளையடியில் கடல்நீரை நன்னீராக்குகிற பெரிய நிலையம் திறந்தார்கள், ஒருநாளைக்கு 24,000 கன மீற்றர். நான் ரெலிபோன் எடுத்துச் சந்தோஷமாகச் சொன்னேன். "சனத்துக்குத் தண்ணி கிடைச்சால் நல்லதுதான் தம்பி. ஆனால் மாரித் தண்ணியைச் சும்மா கடலுக்கை விட்டிட்டு, பிறகு மின்சாரம் குடுத்து அதைக் கடலுக்கையிருந்து எடுக்கிறம், பாரும்" என்றார். இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொடுப்பதைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்த கதையும் அவருக்குத் தெரியும். அவர்களிலும் பிழை சொல்லமாட்டார். வயல் காய்ந்தவனுக்குத்தான் அது தெரியும் என்பார்.

ஆனால் அந்தப் பிரிட்ஜ் கதவுக் கடதாசி அங்கிருந்து வரவில்லை. அது மட்டக்களப்பிலிருந்து வந்தது.

1978 கார்த்திகை 23ஆம் திகதி இரவு சூறாவளி மட்டக்களப்பை அடித்தபோது ஐயா அங்கே வேலையில் இருந்தார். இளந்தாரி. வானொலியில் காற்று வருகுதென்று சொன்னது தன்னுடைய காதிலும் விழுந்தது என்றார். "விழுந்தது, ஆனால் விளங்கேல்லை தம்பி. காத்து எண்டால் மரம் ஆடும், கூரை ஓடு ரெண்டு பறக்கும் எண்டுதான் நினைச்சன்." அந்த இரவில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. தென்னந்தோட்டங்கள் ஏறக்குறைய முழுவதும் சாய்ந்தன. விடிய எழும்பிப் பார்த்தால் பாதையும் இல்லை, ஊரும் இல்லை. அவரோடு ஒரே குவாட்டசில் இருந்த நண்பர் அந்த இரவு தாயைப் பார்க்கவென்று சைக்கிளில் புறப்பட்டுப் போனவர். "போகாதை எண்டு நான் மறிக்கேல்லை. மறிக்கிறதுக்கு எனக்கு விளங்கியிருக்க வேணுமே." இதை எனக்கு ஒரேயொரு தரந்தான் சொன்னார்.

2004 மார்கழி 26ஆம் திகதி கடல் எங்களுடைய கரைக்கு ஏறியதைக் கண்டவன் நான். ஆகவே மேற்கொண்டு எதுவும் அவரிடம் கேட்கவில்லை.

கனடாவில் அப்படியொன்றும் வராது, இது வேறு நாடு என்று நாங்கள் நினைப்பதுண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயா என்னை ரொறன்ரோவுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஹம்பர் ஆற்றங்கரையிலுள்ள ரேமோர் பூங்காவில் நிறுத்தினார். புல்வெளி, மரங்கள், நாயோடு நடக்கிற ஆட்கள். "இதிலை ஒரு தெரு இருந்தது" என்றார். 1954 ஐப்பசி 15ஆம் திகதி இரவு, ஹேசல் சூறாவளி. ஆறு பெருகி ரேமோர் டிரைவ் என்ற தெருவின் வீடுகளைச் சனத்தோடு அள்ளிக்கொண்டு போனது. அந்தத் தெருவில் மட்டும் 35 பேர். கனடாவில் மொத்தம் 81 பேர். ஆறுமுகம் திட்டம் போட்ட அதே ஆண்டு என்று ஐயாதான் எனக்குக் கணக்குக் காட்டினார்.

அதற்குப் பிறகு இந்த நாட்டவர்கள் செய்தது ஐயாவுக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆற்றுப் பள்ளங்களில் இருந்த நிலங்களை வாங்கி, வீடு கட்டவிடாமல் பூங்காவாக்கினார்கள். இன்று எங்களுடைய பிள்ளைகள் கிரிக்கெட் அடிக்கிற பல இடங்கள் அப்படி ஆற்றுக்கு விட்டுக்கொடுத்தவைதான். விட்பி, ஒஷாவாப் பக்கத்து ஓடைகளைப் பார்க்க 1958இல் தனியாக ஓர் அதிகாரசபை வந்தது. ஆனாலும் மழை புதிய வழி தேடும். 2013 ஆடி 8ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் ஒரே நாளில் 126 மி.மீ. கொட்டியது. டொன் ஆற்றுப் பள்ளத்தில் கோ ரெயின் ஒன்று ஏறக்குறைய 1,400 பேரோடு வெள்ளத்தில் நின்றது. ஆறு பெருகுவது ஒரு பக்கம். தெருவுக்குக் கீழேயுள்ள குழாய் தாங்காமல் தண்ணீர் திரும்பி வீட்டுக்குள் வருவது மற்றப் பக்கம். அது முதலில் வருவது பேஸ்மென்ற்றுக்குத்தான். பேஸ்மென்ற்றில் இருப்பது யார்? புதிதாக வந்த நாங்கள்.

இனி என்னுடைய பிழையைச் சொல்கிறேன். மூத்தவள் பிறந்தபிறகு வாடகை மலிவாக ஒரு பேஸ்மென்ற் வந்தது. லிண்ட் ஓடைப் பக்கம். ஐயாவைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சமையலறையைப் பார்க்கவில்லை. வீட்டைச் சுற்றி நடந்து, நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்தார். பீலிக் குழாய் எங்கே விடுகிறது என்று பார்த்தார். உள்ளே நிலத்திலுள்ள வடிகால் மூடியைக் குனிந்து பார்த்து, பின்னோட்டத்தை மறிக்கிற வால்வு போட்டிருக்கிறதா என்று வீட்டுக்காரரைக் கேட்டார். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. ஜன்னலால் ஒரு பெரிய ஆள் வெளியே ஏறலாமா என்று தோளால் அளந்து பார்த்தார். வெளியே வந்து, "வேண்டாம் தம்பி" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "ஐயா, இப்படிப் பயந்து பயந்து இந்த நாட்டிலை சீவிக்க ஏலாது" என்றேன். சொல்லியிருக்கக்கூடாது. அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்தநாள் மட்டும், "சரி, எடும். பிள்ளையின்ரை கட்டிலை உயரத்திலை போடும். இமிகிரேஷன் கடதாசியளை அலுமாரிக்கு மேலை வையும்" என்றார். கட்டிலை உயர்த்தினேன். கடதாசிகளைக் கட்டிலுக்குக் கீழே பெட்டியில் வைத்தேன்.

இரண்டு கோடை கழிந்து ஓர் இரவு மழை. ஆறு வரவில்லை, ஓடை வரவில்லை. வடிகால் மூடியை ஊதிக்கொண்டு கறுப்புத் தண்ணீர் வந்தது. மனைவி எழும்பிக் காலை வைத்தபோது கணுக்கால் மட்டும். பிள்ளை கட்டிலில் நித்திரை. லைற்றைப் போட ஓடினேன். ரெலிபோனில் ஐயாவின் சத்தம்: "சுவிச்சிலை கை வைக்காதையும்! பிளக்குக்குக் கிட்டத் தண்ணி வந்தால் அந்தத் தண்ணிக்கை நிக்கப்படாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலை போம்." அரை மணித்தியாலத்தில் பம்ப் ஒன்றைக் காரில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். எழுபதை எட்டிய மனிதர், றப்பர் சப்பாத்தோடு. "நான் அப்பவே சொன்னனான்" என்று ஒரு வார்த்தை இல்லை. எங்களுடைய கடதாசிகள் எல்லாம் நனைந்து ஒட்டிப்போயிருந்தன. அவற்றை அவருடைய வீட்டு மேசையில் ஒவ்வொன்றாகப் பிரித்து, இடையில் துணி வைத்துக் காயப்போட்டது அவருடைய மனைவி.

வீட்டுக் காப்புறுதியில் இந்தக் கழிவுக்குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் தானாகச் சேராது, கேட்டுச் சேர்க்கவேண்டும். வாடகைக்கு இருப்பவருடைய சாமான்களுக்கு வீட்டுக்காரரின் காப்புறுதி உதவாது. இரண்டையும் நான் அறிந்தது தண்ணீரை அள்ளியபிறகு. வீடு வாங்குகிறவர்கள் அந்தக் காணி வெள்ளப் படத்துக்குள் வருகிறதா என்று நகரசபையில் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

அதற்குப் பிறகு பிரிட்ஜ் கதவுக் கடதாசியை ஒட்டுகிற வேலை என்னுடையது. அவர் சொல்ல நான் எழுதுவேன். வேலையை விட்டபிறகும் ரெலிபோனில் சொல்வார்.

2025 மாசியில், ஊரே பனிக்குள் கிடந்த கிழமை, ஐயா நித்திரையில் போய்விட்டார். செத்தவீட்டுக்கு அந்த ஜமேக்கா சுப்பவைசரும் வந்து, தமிழ்ச் சனத்துக்கு நடுவில் கடைசிவரை நின்றார். அந்த ஆண்டு கார்த்திகைக் கடைசியில் டித்வா புயல் இலங்கையில் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மலையகத்தில் மண் சரிந்து லயங்கள் புதைந்தன. எச்சரிக்கை தமிழில் போதியளவு வரவில்லை என்று அங்கே முறைப்பாடு எழுந்ததை வாசித்தபோது, சைக்கிளில் போன அந்த நண்பர்தான் நினைவுக்கு வந்தார். அதே கிழமைகளில்தான் கனடா வானிலை எச்சரிக்கைகளை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறம் பிரித்து வெளியிடத் தொடங்கியது. ஐயா இருந்திருந்தால் அன்றே மூன்று நிறப் பென்சில் வாங்கியிருப்பார். நான் வாங்கினேன்.

திவசத்துக்குப் போனபோது அவருடைய மனைவி ஒரு மழைமானியையும் ஒரு கொப்பியையும் தந்தார். இருபது வருடத்துக்கு மேலாக வீட்டுப் பின்வளவில் விழுந்த மழை, நாளுக்கு நாள், மி.மீ. கணக்கில். கடைசிப் பக்கத்தில் திகதியைப் போட்டு, "பனி. அளக்க இயலாது" என்று எழுதியிருக்கிறார். கண்ணாடி உறைந்து வெடித்துவிடும் என்பதால் மழைமானியை இப்போது வீட்டுக்குள் வைத்திருக்கிறேன். சித்திரையில் வெளியே வைக்கவேண்டும்.