அட்டை ஒரு கருவி!

அட்டைன்னதும் ஐடி கார்டைத் தேடாதீங்க மக்களே! மழைக்காலத்துல வால்பாறைப் பக்கம் டூர் போனவங்களுக்குத் தெரியும், ஷூவைக் கழற்றினதும் காலில் ஒட்டிட்டு இருக்குமே, அது. அதோட தண்ணீரில் வாழுற சொந்தக்காரனைப் பத்தித்தான் பேச்சு.

அட்டை வைத்தியம்னு சொன்னாலே நம்ம வகுப்பு ரெண்டாப் பிரியும். "முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல" கோஷ்டி ஒரு பக்கம், "சுத்த மூடநம்பிக்கை" கோஷ்டி இன்னொரு பக்கம். ரெண்டு பேருமே தப்பான கேள்விக்குச் சண்டை போடுறாங்கன்னுதான் எனக்குத் தோணுது.

பழசுங்கிறது உண்மை. சுசுருத சம்ஹிதை அட்டைகளை 12 வகையாப் பிரிச்சு, அதுல 6 விஷமுள்ளதுன்னு ஒதுக்குது. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் அட்டைவிடலும் ஒன்று. ஆனா அட்டைப் பைத்தியம் முத்திப்போனது பாரிஸில். நெப்போலியன் படையில் மருத்துவரா இருந்த புரூசே, கிட்டத்தட்ட எல்லா நோய்க்கும் அழற்சிதான் காரணம்னு நம்பினார். காய்ச்சலா? அட்டை. வயிற்றுவலியா? அட்டை. 1833ல் மட்டும் பிரான்ஸ் இறக்குமதி செய்த அட்டைகள் 4 கோடிக்கும் மேல்! ஏற்கெனவே துவண்டு கிடந்தவங்க உடம்பிலிருந்து இன்னும் ரத்தம் போச்சு.

அதே ஊரில் பியேர் லூயி என்ற மருத்துவர் ஒரு சாதாரண வேலை செஞ்சார். எண்ணிப் பார்த்தார். நிமோனியா நோயாளிகளில் சீக்கிரம் ரத்தம் எடுத்தவங்க எத்தனை பேர் பிழைச்சாங்க, தாமதமா எடுத்தவங்க எத்தனை பேர்னு கணக்கு. ஊரே பேசின பலன் அந்தக் கணக்கில் வரலை. 1835ல் அதைப் புத்தகமாவே போட்டார்.

அத்தோட அட்டையின் கதை முடிஞ்சிருக்கணும். முடியலை.

வொர்க்‌ஷாப் பாஷையில சொல்றேன். துண்டான விரலை மறுபடி ஒட்டும்போது தமனியை இணைச்சிடலாம். சிரைகள் மெல்லிசு, சுலபமா அடைச்சுக்கும். இன்லெட் திறந்திருக்கு, அவுட்லெட் மூடியிருக்கு. ரத்தம் தேங்கி, விரல் நீலம் பாரிச்சு, திசு சாக ஆரம்பிக்கும். புது நாளங்கள் முளைக்கச் சில நாள் ஆகும். அதுவரை ஒரு தற்காலிக அவுட்லெட் வேணும். அட்டை குடிக்கிறது என்னவோ 5 முதல் 15 மி.லி.தான். அது விழுந்தப்புறமும் கடிவாயில் மணிக்கணக்கா ரத்தம் கசியுது பாருங்க, அதுதான் விஷயமே. அட்டையின் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத பொருள் இருக்குன்னு 1884ல் ஜான் ஹேகிராஃப்ட் கண்டுபிடிச்சார். பின்னாடி அதுக்கு வந்த பேர் ஹிருடின்.

1985ல் பாஸ்டனில் ஜோசப் அப்டன் என்ற அறுவை மருத்துவர், 5 வயசுப் பையனின் துண்டான காதை ஒட்டவச்சு, அட்டை விட்டுத்தான் காப்பாத்தினார். 2004ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்துச்சு. மருந்துன்னு இல்ல, மருத்துவக் கருவின்னு!

அதே பல், அதே எச்சில். புரூசேக்கு அது சர்வரோக நிவாரணி. அப்டனுக்கு ஒரே ஒரு பழுதை நீக்குற கருவி.

அதனால யூடியூபைப் பார்த்துட்டு, குளத்து அட்டையைப் பிடிச்சுத் தாத்தா முழங்காலில் விடுற ஐடியா இருந்தா நிறுத்துங்க. அட்டையின் குடலில் ஏரோமோனாஸ் பாக்டீரியா குடியிருக்கு. ஆஸ்பத்திரியில் ஆன்டிபயாடிக் பாதுகாப்போடதான் விடுறாங்க. ஒருத்தரைக் கடிச்சதை இன்னொருத்தருக்கு விடுறதில்ல. மூட்டுவலி குறையுதுன்னு 2003ல் ஜெர்மனியிலிருந்து 51 பேரை வச்சு ஒரு ஆய்வு வந்தது நிஜம்தான். ஆனா கடிபட்டவருக்குத் தான் கடிபட்டது தெரியாமலா இருக்கும்? வலி குறைஞ்சது அட்டையாலயா, அட்டை கடிச்சிருக்குங்கிற நம்பிக்கையாலயான்னு பிரிச்சுப் பார்க்கிற மாதிரி யாராவது ஒரு போலி அட்டை டிசைன் பண்ணுங்களேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டும் ஆச்சு!